சகலன் வாங்கிய சப்வூஃபர்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு சீதனம். வீட்டு உறுதிப்பத்திரம் அவள் பெயரில் இருக்கும். நான் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மனைவியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடிப்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் என் மாமனாருக்கு இரண்டு பெண்கள். சீமெந்தை மிச்சம் பிடிக்கவென்று, ஒரே வளவுக்குள், நடுவில் ஒற்றைச் சுவரைப் பொதுவாக வைத்து, ஒட்டினாற்போல் இரண்டு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார் மனிதர். மூத்தவள் வீட்டில் நான். இளையவள் வீட்டில் என் சகலன். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்துகொண்டு இரண்டு மருமகன்மாரும் வாழ்நாள் முழுக்க ஆளையாள் அளந்துகொண்டிருக்க வேண்டும் என்பது மாமனாரின் கணக்கில் இல்லை. ஆனால் நடந்தது அதுதான்.

சகலன் கட்டார் நாட்டில் பாரவூர்தி ஓட்டினார். அவர் அங்கே இருந்த காலமெல்லாம் எனக்குப் பிரச்சினை இல்லை. வளவுக்குள் நான் ஒருவன்தான் ஆண். மாமரத்துக் கொப்பு வெட்டுவதென்றாலும், செங்கலடிச் சந்தையில் மீன் பார்த்து வாங்குவதென்றாலும் இரண்டு வீட்டுக்கும் நான்தான். மச்சாள், அதாவது என் மனைவியின் தங்கை, எதற்கெடுத்தாலும் "அத்தான், அத்தான்" என்று வந்து நிற்பாள். போன வருசம் சகலன் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வந்த கையோடு முன்பக்கம் ஓடு மாற்றினார், வாசலுக்குக் கேற் போட்டார், ஓட்டோ ஒன்றும் வாங்கினார். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பாட்டு விசயத்தில் மட்டும் அவர் என் கிட்டவும் வர முடியாது என்று எனக்குத் தெரியும்.

நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் பௌதிக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன். சத்தம், அலை, அதிர்வு எல்லாம் எனக்குச் சோறு போடுகிற சாமான்கள். அதைவிட என் காது நல்ல காது. இதை நானே சொல்வது அழகில்லை என்றாலும் வேறு யாரும் சொல்வதாக இல்லை. கொழும்பில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய அம்ப்ளிஃபயர் ஒன்றும், முழங்கால் உயரத்துக்கும் வராத இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் என்னிடம் இருந்தன. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து வைத்திருப்பேன். கடலோடு சேர்கிற ஆற்றுப்பக்கத்து உப்புக்காற்று எதையும் சும்மா விடாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நானும் மனைவியும் பாட்டுக் கேட்போம். அவளுக்கு இடப்பக்கத்து முதிரை மரக் கதிரை, எனக்கு வலப்பக்கத்தது. பாட்டு ஓடும்போது பேசக் கூடாதென்பது என் சட்டம். அந்தச் சட்டத்தை அவள் ஓர் இடத்தில் மட்டும் மீறுவாள். எங்களுக்குப் பிடித்த பழைய பாட்டொன்றில், இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின் தனியாக இறங்கி வரும். அது வரும்போது கண்ணைத் திறக்காமலே "இந்த இடம்" என்பாள். அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கலியாணத்தில் இன்னமும் இனிப்பாக மிஞ்சியிருந்தது ஏதாவது உண்டென்றால், அது அவள் "இந்த இடம்" என்று சொல்கிற அந்த நேரம்தான்.

அப்படியிருக்கத்தான் சகலன் சப்வூஃபர் வாங்கினார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சப்வூஃபர் என்பது பாட்டின் அடிச்சத்தத்தை மட்டும் எடுத்துத் தருகிற பெட்டி. தபேலாவின் பெரிய முகத்தில் உள்ளங்கை அழுந்தும் சத்தம், பேஸ் கிற்றாரின் கனம், இவற்றை என்னுடையது போன்ற சின்ன ஸ்பீக்கர்கள் முழுதாகத் தரமாட்டா. சப் தரும். ஆனால் கறிக்கு உப்பு மாதிரி, இருப்பதே தெரியாமல் இருந்தால்தான் நல்ல சப். சகலனுடையது அப்படியில்லை. வந்த அன்றே நடுச்சுவர் குதித்தது. வேறு வேறு பாட்டுப் போட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே 'தும்'. வாகன ஹோர்னுக்கும் நாதஸ்வரத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர், வேறென்ன போடுவார்?

பெட்டி பார்க்க வரச்சொல்லி மச்சாள் கூப்பிட்டாள். எனக்குத் தலையிடி என்று சொல்லிவிட்டேன். மனைவி மட்டும் போய்வந்தாள். இரண்டொரு நாள் கழித்து, ஏணி கேட்கிற சாட்டில் நானும் போய்ப் பார்த்தேன். மண்டபத்தில், நீட்டுக் கதிரையின் கைப்பிடியோடு முட்டினாற்போல் வைத்திருந்தார் பெட்டியை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே சப்பை வைத்தால் காதுக்குள் உலக்கை போட்ட மாதிரித்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து இதை மனைவிக்கு விளக்கமாகச் சொன்னேன். சகலனைப் போல நடந்தும் காட்டினேன். அவள் புன்னகைத்தாள்.

அந்த ஞாயிறு சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"தங்கச்சி கூப்பிட்டவள். ஒருக்காப் போயிற்று வாறன்."

ஒருக்காப் போனவள் வெயில் சாய்ந்த பிறகுதான் வந்தாள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் எதிரே நான் தனியே இருந்தேன். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தால் பாட்டுக்கூட ஒரு பக்கம் சரிந்துதான் கேட்கிறது. அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறு கேட்டேவிட்டேன்.

"இஞ்ச இல்லாத என்னத்தக் கண்டாய் அங்க?"

"அங்க பாட்டு நெஞ்சுக்குள்ள வருது," என்றாள்.

வயிறு எரிந்தது. எரிந்தது என்பதற்கு மேல் நாகரிகமான சொல் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஓடு மாற்றியவர், கேற் போட்டவர், கடைசியில் என் மனைவியின் நெஞ்சுக்குள்ளும் பாட்டை அனுப்பிவிட்டார். அந்த நாட்களில் அவள் என்னோடு இருந்த விதமும் மாறித்தான் போயிருந்தது. மண்டபத்திலிருந்து கூப்பிட்டால் குசினியில் சமைத்துக்கொண்டிருக்கிறவளிடமிருந்து பதில் வராது. நான் வளாகத்துக் கதை ஏதாவது சொன்னால் தலையை ஆட்டுவாள், என்ன சொன்னேன் என்று திரும்பக் கேட்டால் சிரித்து மழுப்புவாள். அவள் என்னோடு இருந்து கேட்ட கடைசி ஞாயிறுகளில் வயலின் இறங்கி வந்து போனது, அவள் "இந்த இடம்" என்று சொல்லவில்லை. என்மேல் சலித்துவிட்டாள் என்று நினைத்தேன். என்னைப்போல ஒருவனோடு இத்தனை வருசம் இருந்தால் யாருக்கும் சலிக்கும். ஆனால் சலித்துவிட்டுப் போவதற்கு வேறு வீடா கிடைக்கவில்லை?

ஒரு ஞாயிறு பொறுக்க முடியாமல், முருங்கையிலை ஆய்கிறவன் போல அவர்களுடைய யன்னலோரம் போய் நின்றேன். இலை ஆய்ந்தேன், மறுக்கவில்லை. கண் உள்ளேதான் இருந்தது. மச்சாள் நிலத்தில் இருந்துகொண்டு பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். சகலன் பாயில் வாயைத் திறந்தபடி நித்திரை. அவருடைய பெட்டிச் சத்தத்துக்கு அவருக்கே நித்திரை வருகிறது! என் மனைவி நீட்டுக் கதிரையின் ஓரத்தில், கண்களை மூடி, வலது உள்ளங்கையைப் பெட்டியின்மேல் விரித்து வைத்துக்கொண்டு சிரித்தபடி இருந்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. என் வீட்டு முதிரைக் கதிரையில் வருகிற சிரிப்பு.

அவள் கை இன்னோர் ஆளின் கையில் இருந்திருந்தால் எனக்குச் சண்டை பிடிக்க உரிமையாவது இருந்திருக்கும். ஒரு பெட்டியோடு போய் யார் சண்டை பிடிப்பது? முருங்கையிலையைக் கொண்டுபோய்க் குசினியில் போட்டுவிட்டு, நானும் ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தேன்.

அதற்குப் பிறகு ஆய்வுகூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் தொலைபேசியில் சப்வூஃபர் வீடியோதான். இரண்டு சாதி உண்டு. ஒன்று முழுதாக மூடிய பெட்டி. சத்தம் கொஞ்சம் குறைவு, ஆனால் ஒவ்வோர் அடியும் சட்டென்று வந்து சட்டென்று நிற்கும். மற்றது துளை வைத்த பெட்டி. சத்தம் கூட, படத்தில் குண்டு வெடிக்கிற காட்சிகளுக்கு நல்லது, ஆனால் அடியின் வால் நீளும். பாட்டுக்கு மூடிய பெட்டிதான். சின்ன மண்டபத்துக்குப் பத்து அங்குலம் தாராளம். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுப்பேன்.

ஏறாவூரில் எனக்குத் தெரிந்த கடை ஒன்று உண்டு. கடைக்கார முஸ்லிம் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவேன், பொறுமைசாலி. நான் சொன்ன இரண்டு சாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் பாட்டையே போட்டுக் காட்டினார். மூடிய பத்து அங்குலத்தில் தபேலாக்காரன் உள்ளங்கையை நகர்த்துவதுகூடத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கப் பார்த்தது. இதுதான், இதைத்தான் இத்தனை காலமும் கேட்காமல் இருந்திருக்கிறோம் என்று நினைத்தேன். அடுத்தது துளைப்பெட்டி, பன்னிரண்டு அங்குலம், கன்றுக்குட்டி அளவில் இருந்தது. அதைப் போட்டதும் கடையின் கண்ணாடிக் கதவு நடுங்கியது.

"பாட்டுக்கெண்டா மூடின பெட்டிதான் சேர்," என்றார் நானா. "உங்கட காதுக்கு அதுதான் சரி."

என் காதைப் பற்றி முதன்முறையாக இன்னொருவர் நல்ல வார்த்தை சொல்கிறார். அந்த நேரத்திலும் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"எங்கட சகலன்ட பெட்டி பத்து அங்குலம் நானா."

அவர் மூடிய பெட்டியின் வயரைக் கழற்றத் தொடங்கினார்.

"பன்னிரண்டக் கட்டுங்க," என்றேன்.

ஓட்டோவின் பின்சீட்டில் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி வந்து இறங்கினேன். ஒழுங்கைச் சனம் முழுக்கப் பார்த்தது. பார்க்கத்தானே வேண்டும்! கேற்றடியில் இறக்க முடியாமல் நான் தடுமாறியபோது, எங்கிருந்தோ சகலன் ஓடிவந்து அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பாரமாக் கிடக்கு அண்ணன். விடுங்க, நான் புடிக்கிறன்."

எதிரியே சாமானைத் தூக்கிக்கொண்டுவந்து வீட்டுக்குள் வைப்பது போல ஓர் அவமானம் இல்லை. எங்கே வைப்பது என்று கேட்டார். நடுச்சுவரோடு வைக்கச் சொன்னேன். மின்பிளக் அங்கேதான் இருக்கிறது என்று காரணமும் சொன்னேன். மின்பிளக் இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது. அவருடைய வீட்டுச் சுவர் குதிக்க வேண்டும், அதுதான் எனக்குத் தேவை.

ஞாயிறு வந்தது. மனைவி எனக்காக அன்று தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை. முதிரைக் கதிரையில் வந்து இருந்தாள். நான் பாட்டைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. பெட்டி வேலை செய்கிறது, கூம்பு உள்ளே வெளியே போய்வருகிறது, ஆனால் எங்கள் கதிரைகளில் அடிச்சத்தம் இல்லை. சத்தக் குமிழைக் கூட்டினேன். அப்போதும் இல்லை. சுவரில் பட்டுத் திரும்புகிற அலையும் நேரே வருகிற அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று தின்றுவிடும். வளாகத்துப் பிள்ளைகளுக்கு வருசா வருசம் தண்ணீர்த் தொட்டியில் செய்து காட்டுகிற பாடம் இது. என் கதிரையும் அவள் கதிரையும் சரியாக அந்தச் சாப்பிடப்பட்ட இடத்தில் இருந்தன.

சாப்பிடப்படாத இடம் எதுவென்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தெரியவந்தது.

"அத்தான்! எங்கட கோப்பையெல்லாம் ஆடுது!" என்று மச்சாள் கத்தினாள்.

கோபித்துக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். சகலன் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சந்தோசம்.

"என்ன சாமான் அண்ணன்! எங்கட குசினிக்குள்ள வந்து கேளுங்களன், அப்பிடி இருக்கு!"

அவருடைய குசினிக்கு நான் சப்வூஃபர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பார்த்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், ஆனால் உலகம் முழுக்கச் செய்கிறார்கள். கேட்கிற ஆள் இருக்கிற இடத்தில் பெட்டியைத் தூக்கி வைக்க வேண்டும். பாட்டைப் போட்டுவிட்டு, பெட்டியை வைக்கக்கூடிய சுவரோரமெல்லாம் தலையைத் தாழ்த்தித் தவழ்ந்து போக வேண்டும். எந்த இடத்தில் அடிச்சத்தம் சுத்தமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், கதிரையில் அப்படியே கேட்கும். வாசலில் நின்ற சகலனைப் பிடித்து, பெட்டியை மனைவியின் முதிரைக் கதிரையில் ஏற்றி வைத்தேன். பிறகு அவரை அனுப்பிவிட்டேன். அவருக்கு முன்னால் தவழ எனக்கு விருப்பமில்லை.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தவழத் தொடங்கினேன். அலுமாரிக்குப் பக்கத்தில் உறுமல். சாமிப்படத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வாசற்படியருகே கொஞ்சம் நல்லது, ஆனால் அங்கே வைத்தால் யாரும் வீட்டுக்குள் வர முடியாது. முழங்கால் எரிந்தது. அப்படியே குசினிக் கதவுக்கும் நெல்மூட்டைக்கும் இடையில் தலையை நுழைத்தேன். அங்கே இருந்தது. ஒவ்வோர் அடியும் தனித்தனியாக, வாலில்லாமல், ஏறாவூர்க் கடையில் அந்த மூடிய பெட்டியில் கேட்ட மாதிரி. நான் கண்டுபிடித்துவிட்டேன். இனி அவள் ஒருநாளும் நடுச்சுவரைத் தாண்டிப் போக மாட்டாள்.

"இஞ்ச! இஞ்ச வா, வந்து கேள்!" என்று கத்தினேன்.

பதில் இல்லை. இன்னும் பலமாகக் கத்தினேன். பதில் இல்லை. கோபத்தோடு, நாலு காலில் நின்றபடியே திரும்பிப் பார்த்தேன்.

அவள் எனக்கு முதுகுகாட்டி நின்றாள். கதிரைமேல் இருந்த பெட்டியில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்திருந்தாள். தலை மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் பாட்டுத்தான் ஓடியது. முதற்சரணம் முடிந்தது. வயலின் இறங்கி வந்தது.

"இந்த இடம்," என்றாள். யாரிடமும் இல்லை. வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

எழும்பிப் போய்த் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நான் கூப்பிட்டது கேக்கல்லையா?"

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். யோசித்துப் பார்த்தால், கொஞ்சக் காலமாகவே என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றாள். பிறகு, இதற்குமேல் மறைக்க முடியாது என்பது போல, மெதுவாகச் சொன்னாள். "கனநாளா எனக்கு ஒழுங்காக் காது கேக்கிறதில்ல. பாட்டுக்காரிட குரல் வாறதே இல்ல. வயலினும் இல்ல. இந்த அடி மட்டும் கையில தெரியுது. அது தெரிஞ்சாப் போதும், மிச்சம் எனக்கு மனப்பாடந்தானே."

"ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க பாட்டுப் போட மாட்டீங்க. என்னப் பாத்துக்கொண்டு சும்மா இருப்பீங்க."

அது மெய். நான் அப்படிப்பட்டவன்தான். வயலின் போய், குரல் போய், வெறும் அடியைப் பிடித்துக்கொண்டு அவள் அந்த இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்திருக்கிறாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். அழுகை வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேள்வி வந்துவிட்டது.

"அங்கால வீட்டுக்குத் தெரியுமா?"

"அவருக்குத்தான் முதல் தெரியும்," என்றாள்.

பெட்டி வந்த அன்றைக்கு, நான் தலையிடி என்று படுத்திருந்தபோது, சகலன் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று அவளுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை கேட்டுப் பார்த்திருக்கிறார். கட்டாரில் அவரோடு வேலை செய்த ஒருவருக்கும் இப்படித்தானாம், கொஞ்சம் கொஞ்சமாகப் போனதாம். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல், அடுத்த நாள் மூலையில் இருந்த பெட்டியை இழுத்துக்கொண்டுவந்து, அவள் இருக்கிற நீட்டுக் கதிரையோடு முட்டினாற்போல் வைத்திருக்கிறார். "அக்கா, இதில கைய வைச்சுப் பாருங்க" என்றிருக்கிறார்.

நான் நடந்து காட்டிச் சிரித்த அந்த இடம்.

இத்தனை வருசமும் பக்கத்துக் கதிரையில் இருந்தவன் நான். நல்ல காது என்னுடையது. ஹோர்னுக்கும் நாதஸ்வரத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் ஒரு தேத்தண்ணிக்குள் கண்டுபிடித்துவிட்டார். ஓட்டுக்கும் கேற்றுக்கும் எரிந்ததெல்லாம் ஓர் எரிவா? அன்றைக்கு எரிந்ததுதான் எரிவு. அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாதபடி எரிந்தது.

காது டொக்டரிடம் மட்டக்களப்புக்குப் போய் வருகிறோம். சகலனின் ஓட்டோவில்தான் போகிறோம். நன்றி சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். ஆனால் முன்சீட்டில் அவர் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே அது கிடந்து அரிக்கிறது. எப்போது போகும் என்று தெரியவில்லை.

குசினிக் கதவுக்கும் நெல்மூட்டைக்கும் இடையில் நான் கண்டுபிடித்த இடத்தில் இப்போது விளக்குமாறு நிற்கிறது. பெட்டி அவளுடைய முதிரைக் கதிரையின் கைப்பிடியோடு முட்டியபடி இருக்கிறது. அங்கே வைத்தால் சத்தம் மோசம். என் கதிரைக்கு எல்லாப் பாட்டும் ஒரே 'தும்'தான். நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு மத்தியானம் அவள் கையைப் பெட்டியில் விரித்து வைத்துக் கண்ணை மூடுகிறாள். வயலின் வருகிறது. "இந்த இடம்" என்கிறாள், தன் சத்தம் தனக்கே தெரியாததால் மிகவும் பலமாக. சுவருக்கு அந்தப் பக்கம் அவருக்கும் கேட்கும். கேட்கட்டும்.